முழங்கால் மெஷின்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், திருச்சி புத்தூரில் இருக்கும் என் பியூட்டி பார்லரில் ஆரம்பித்தது இது. பார்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு படுக்கை, ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின். வம்பு அங்கேதான்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் அதிகம். கேஸை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவள் நான். பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்த அவசரத்தில் கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் போனவளும் நான்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உப்பிலியபுரத்திலிருந்து திருச்சிக்கு வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து இன்னொரு பயமும் ஒட்டிக்கொண்டது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று. கிரீம் டப்பாக்களை மூடியின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். கம்பெனிக்காரன் மூடியை மாற்றிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

இனி மெஷின். முகத்தில் முளைக்கும் வேண்டாத முடியைக் கரண்ட் வைத்து வேரோடு எடுக்கிற பழைய மெஷின் அது. மயிரிழை போன்ற ஊசியை முடியின் வேர் வரைக்கும் விட்டு, துளி கரண்ட் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் வேர் தளர்ந்து முடி தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வந்தவர் கையில் ஈரப்பஞ்சு சுற்றிய ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கரண்ட் சுற்றி வரும். ஒரு முடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகும். இப்போது லேசர் வந்துவிட்டதுதான். ஆனால் லேசருக்கு நரைமுடி கண்ணுக்குத் தெரியாது. என் மெஷினுக்குக் கறுப்பு வெளுப்பு பேதம் கிடையாது.

நான் முன்பு வேலை பார்த்த பார்லர் அம்மா, மகளோடு இருக்க ஊரைவிட்டுப் போகும்போது அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டில் செய்தது, என்னைவிட வயதில் மூத்தது. ஆஸ்பத்திரி பீரோ மாதிரி வெளிர்ப்பச்சையில் கனத்த இரும்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு திருகு, ஒரு சிவப்பு விளக்கு, முள் ஆடுகிற ஒரு மீட்டர், ஒயர் செருகுவதற்கு இரண்டு ஓட்டைகள்.

"ஒயரை மடிச்சு வைக்காத, கழுத்துல ஒடிஞ்சிரும். கம்பிய தொடச்சுக் காய வை. சந்தேகம் வந்தா ஒரு கண்ணாடி டம்ளர்ல உப்புத் தண்ணி எடுத்து, கம்பியையும் ஊசியையும் உள்ள விட்டுப் பாரு. ஊசிகிட்ட குட்டிக் குட்டியா நுரை வந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். மத்தபடி நீ ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும், இது உனக்கப்புறமும் ஓடும்" என்றார்.

உலகத்தில் என்னால் முடியாத ஒரே வேலை, ஒன்றும் பண்ணாமல் இருப்பது.

தினமும் மூன்று துணியால் துடைப்பேன். சென்னையில் இடி மின்னல் என்று டி.வி.யில் சொன்னால் புத்தூரில் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். வேலை முடிந்ததும் அதற்கு ஒரு துண்டு, துண்டுக்கு மேல் ஒரு பாலிதீன், பாலிதீனுக்கு மேல் என் பழைய நைட்டி. எனக்கு ஜுரம் வந்தபோதுகூட என் வீட்டுக்காரர் எனக்கு இவ்வளவு போர்த்தியதில்லை. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்க முடியாததால், பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி அலமாரியில் வைத்துப் பூப் போட்டு வந்தேன். ஆயுத பூஜை வந்தால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். ஒரு இடத்தில் பொட்டு வைத்து இன்னொரு இடத்தை விட்டால் குறையாகிவிடுமோ என்று, திருகுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் வைப்பேன். அந்த வருடம் கூடுதலாக ஒரு வேண்டுதலும் இருந்ததால் சந்தனத்தைக் கெட்டியாக அரைத்துத் தாராளமாகவே வைத்தேன்.

வேண்டுதல் ஸ்ரீரங்கத்து மாமிக்காக. ஸ்ரீரங்கத்தில் நல்ல ஆசாரமான குடும்பம், மாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாடையில் முடி. பாதி கறுப்பு, பாதி நரை. லேசர்காரர்கள் நரைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். நூல் போட்டு முடியை எடுத்தால் தடித்து, கறுத்து, அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மாமாவுக்கு அறுபது வயது நிறைந்து சஷ்டியப்தபூர்த்தி வந்துகொண்டிருந்தது. மறுபடி மாலை, மறுபடி தாலி, ஊரெல்லாம் கூடும், போட்டோ எடுப்பார்கள். அதற்குள் தாடை சுத்தமாக வேண்டும் என்று என்னிடம் வந்தார். "ஊசி பிடிக்கணும்னா முடி கொஞ்சம் வளரணும் மாமி, நீங்க கை வைக்காதீங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு, கத்தரிகூடப் போடாமல் வளர்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. முழங்கால் வலிக்குப் புத்தூரில் கரண்ட் வைத்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். வீடு திரும்பும்போது தெருமுனையிலிருந்து லேசாக நொண்டிக்கொண்டு போவாராம்.

"போன வாரம் எந்தக் கால்னு சொன்னேன்னு மறந்துபோச்சும்மா. எதுக்கு வம்புன்னு ரெண்டையும் நொண்டிட்டேன்" என்றார் ஒருநாள்.

தாடையை மறைக்க மாஸ்க். வீட்டிலும் மாஸ்க். மாஸ்குக்குக் காரணம் ஜலதோஷம். ஜலதோஷத்துக்காக மாமா தினமும் தன் கையாலேயே சுக்கு, மிளகு, ஆடாதோடை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். இல்லாத ஜலதோஷத்துக்கு இரண்டு வாரமாகக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார் மாமி.

இடது பக்கத் தாடை முடிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. பூஜைக்கு மறுநாள் காலையில் முதல் ஆளாக மாமி வந்து படுத்தார். விளக்கு எரிந்தது. ஊசியை விட்டேன், திருகைத் திருப்பினேன். மீட்டர் முள் அசையவில்லை. இன்னும் திருப்பினேன். அசையவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் ஆடியது.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணுமே சுருக்குங்கலையே?"

மெஷின் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? பாதித் தாடையோடு விட்டவள் என்று பெயர் வரும். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "புத்தூர்ல இன்னிக்கு லோ வோல்டேஜ் மாமி. கரண்ட் பத்தல. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாஸ்கை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒரு நுரை இல்லை. உப்பு போதவில்லையோ என்று இன்னும் போட்டேன். ஊறுகாய் போடுகிற அளவுக்கு உப்பு ஆனதுதான் மிச்சம். மறுநாள் மெஷினைத் துண்டில் சுற்றி, கூடையில் வைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயதுக்காரர். துண்டைப் பிரித்ததும் சந்தனம் குங்குமத்தைப் பார்த்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய டெஸ்டரிலும் ஒரு பொட்டு இருந்தது.

"பூஜ போட்ட பொருளும்மா. முன்பக்கம் நான் கை வைக்க மாட்டேன், பொட்டு அழிஞ்சிரும். பின்பக்கமா தொறந்துக்கறேன்" என்றார்.

திறந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"ஏம்மா, என்னா வேலை செஞ்சிருக்கான் பாத்தியா! ஒரு ஒயரு தளரல, ஒரு பத்தவச்ச இடம் விடல. நான் போய்ச் சேர்ந்தாலும் இது போவாது." உள்ளே டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "கரண்ட் ஜம்முனு வருது. இதுக்கு ஒண்ணும் இல்ல. கைல புடிக்கிற கம்பி எங்க? ஒயரு எங்க? குடு, சேத்துப் பாத்துருவோம்."

"அதெல்லாம் பஸ்ல தொலஞ்சிருமோன்னு வீட்ல பத்திரமா வச்சிட்டு வந்துட்டேன் அண்ணே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வைத்தியத்துக்கு வர்றப்ப கை கால வீட்ல வச்சிட்டா வருவ?"

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை. அங்கே வந்த கரண்ட் இங்கே வரவில்லை என்றால்? மெஷினில் குறை இல்லை, குறை என்னிடம்தான், என் கை ராசி போய்விட்டது என்று முடிவு கட்டினேன். சமயபுரத்தாளுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

விசேஷத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாமி போன் செய்தார். குரல் கரகரவென்று இருந்தது. நிஜமாகவே ஜலதோஷம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

"ஜலதோஷமெல்லாம் இல்ல, அந்தக் கஷாயம் தொண்டையை அறுத்துடுத்து. உங்க ஊர் வோல்டேஜ் வந்துதா இல்லையா?"

"இன்னும் வரல மாமி."

"சரி, நான் யோசிச்சுட்டேன். எங்க ஆத்துல கரண்ட் நன்னா இருக்கு. நாளைக்கு நாலு மணிக்கு அவர் கோயிலுக்குப் போயிடுவார், வர ஆறாகும். நீ மெஷினை எடுத்துண்டு இங்க வந்துடு."

என் பொய் என்னைப் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு இழுத்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. சரி, நேரில் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, இந்தத் தடவை கம்பி, ஒயர், புத்தகம் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் வரும்போது, கூடையோடு இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு யோசனை. பாலத்தின் நடுவில் ஸ்டாப் இல்லாததால் தப்பித்தேன்.

நாலரை மணிக்கு மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது மாமா. நெற்றி நிறையத் திருமண். பின்னால் மாஸ்கும் அதற்கு மேல் இரண்டு பெரிய கண்களுமாக மாமி.

"கோயில்ல ஒரே கூட்டம், சாயரட்சைக்குப் போய்க்கலாம்னு திரும்பிட்டேன். நீங்க யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி, "முழங்காலுக்குக் கரண்ட் வைக்கறவ. விசேஷ வேலையில புத்தூர் வர முடியலைன்னு ஆத்துக்கே வரச் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு ஞாபகம் வந்தவராக இரண்டு அடி நொண்டினார்.

மாமாவின் முகம் பூரித்துவிட்டது. "மெஷினா? உள்ள கொண்டு வாங்கோ!" அப்போதுதான் தெரிந்தது, அவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று. நான் கெட்டுப்போன மெஷினைத் தூக்கிக்கொண்டு திருச்சியெல்லாம் அலைந்தேன். மாமியோ, வீட்டுக்குள்ளேயே எலக்ட்ரிக் வாத்தியாரை வைத்துக்கொண்டு அவரிடம் கஷாயம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மெஷினைக் கூடத்து மேஜையில் வைத்து ஒயர்களைச் செருகினேன். இனி மறைத்துப் பயனில்லை.

"மாமி, மன்னிச்சிருங்க. லோ வோல்டேஜெல்லாம் பொய். பூஜைக்கு மறுநாள்லேர்ந்து இது வேலை செய்யல. உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு..." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

மாஸ்குக்குள் மாமியின் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கை மட்டும் வலது தாடைக்குப் போய் அங்கேயே நின்றது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மாமா இதில் எதையும் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். செருகிய ஒயரை உருவினார். ஓட்டைக்குள் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஓட்டைக்கும் பொட்டு வெச்சேளா?"

"வச்சேன். எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்கலன்னா..."

"இது கோவிச்சுக்கும். சரிதான்." மாமி பக்கம் கையை நீட்டினார். "வளையல்ல இருக்கற அந்த ஊக்கைக் கொடு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊக்கால் ஓட்டையை நோண்டினார். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. முதலில் இந்த வருடத்துக் கெட்டிச் சந்தனம். அதற்குக் கீழே நிறம் மங்கியது, போன வருடத்தது. அதற்கும் கீழே பழுப்பாக ஒன்று. "மூணு பூஜை" என்று எண்ணிச் சொன்னார் மாமா. நான் பொட்டு வைத்ததும், ஒயரைச் செருகி நானே அதை உள்ளே தள்ளியதும், அது இறுகிக் கரண்டை மறித்து நின்றதும் அப்போதுதான் புரிந்தது. நாற்பது வருடமாக ஒன்றுமே ஆகாத மெஷினை, மூன்றே பூஜையில் பக்தியால் அடைத்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீர் கேட்டேன். மாமி டம்ளரை நீட்டினார். ஊசியைச் சுற்றிக் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. மாமியும் நானும் அந்த டம்ளரைப் பார்த்த மாதிரி, யாரும் எந்த டம்ளரையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். மாமா வேஷ்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் இந்த வலது கால் பிடிச்சுக்கறது. மொதல்ல எனக்கு வைங்கோ."

"ஏன்னா, உங்களுக்கெல்லாம் வேண்டாம்!" என்று மாமி அலறினார்.

"ஏன், எனக்கும் முழங்கால்தானே?" என்றபடி கூடையிலிருந்த புத்தகத்தை எடுத்துவிட்டார். "எவ்வளவு கரண்ட் வைக்கணும்னு இதுல இருக்கும். நீங்க படிச்சிருப்பேளே?"

"கண்ணாடி கொண்டுவரல மாமா" என்றேன். கண்ணாடி என் நெற்றிக்கு மேலே தலையில் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும். "பரவாயில்ல, நான் படிக்கறேன்" என்று புத்தகத்தைக் கவரிலிருந்து வெளியே எடுத்தார்.

எனக்கு இங்கிலீஷ்தான் வராது. அட்டையில் என்ன படம் என்று நன்றாகத் தெரியும். ஒரு பெண்ணின் முகம். தாடைக்குப் பக்கத்தில் ஊசி. அதைச் சாமி அலமாரியில் வைத்து தினமும் பார்க்கிறவள் நான்.

மாமா அட்டையைப் பார்த்தார். மாமியின் மாஸ்கை ஒரு நொடி பார்த்தார். மாமி தரையைப் பார்த்தார்.

பிறகு அட்டையைப் பின்பக்கமாக மடித்துக்கொண்டு, வகுப்பில் படிக்கிற குரலில் சொன்னார்: "ஆமா, முழங்கால் வலிக்குன்னுதான் போட்டிருக்கு. ஆனா பொம்மனாட்டிகளுக்கு மட்டும்தானாம்." வேஷ்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பராமரிப்புப் பக்கத்தைப் புரட்டி, எனக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஓட்டைகளில் எண்ணெய், களிம்பு படக்கூடாது. ஒயரை இறுக்கிச் சுற்றக்கூடாது. கம்பியை ஈரத்தோடு விடக்கூடாது. மாமி ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். யாரும் எனக்குப் படிக்க வருமா என்று கேட்கவில்லை.

மாமா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன். கூட்டம் ஜாஸ்தி, வர ரெண்டு மணி நேரமாவது ஆகும்." வாசல்வரை போய்த் திரும்பி, "கஷாயம் இன்னியோட நிறுத்திடலாமோன்னோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மாமி மாஸ்கைக் கழற்றினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "சிரிச்சா ஊசி ஆடும் மாமி" என்று நான் சொல்ல, அதற்கு இன்னும் சிரித்தார். இரண்டு மணி நேரத்தில் வலது பக்கத் தாடையில் முக்கால்வாசி முடிந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். மாமாவுக்கு மறுநாளும் கோயிலில் கூட்டமாம்.

சஷ்டியப்தபூர்த்திக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தால் யாராவது இங்கிலீஷில் பேசிவிடுவார்களோ என்று ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மாலையும் கழுத்துமாக இருவரையும் நிறுத்திப் போட்டோ எடுக்க வந்தார் போட்டோகிராபர். மாமா அவரைத் தடுத்தார். "அந்தப் பக்கம் வேண்டாம். இந்த வலது பக்கத்துலேர்ந்து எடுங்கோ. இதுதான் இப்ப ரொம்ப நன்னா இருக்கு" என்றார். மாமிக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஊசி போட்ட சிவப்பு இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு இப்போதும் பொட்டு உண்டு, ஆனால் அது போர்த்தியிருக்கும் நைட்டியின்மேல். மாமி எழுதிக் கொடுத்த தாளைத் திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். என் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். நேற்றுகூடக் கேஸைப் பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பினேன். ஆனால் யாராவது துப்பட்டாவால் தாடையை மூடிக்கொண்டு, "ஃபேஷியல் பண்ணலாம்னு வந்தேன்" என்று தயங்கி நிற்கும்போது, நான் ஒன்றும் கேட்பதில்லை. திரையை இழுத்துவிட்டு உட்காரச் சொல்கிறேன், தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போன அந்த மனிதர் எனக்குச் சொல்லாமல் சொன்னது அதைத்தான்.